எதற்காகக் கொடுத்தோம் என்பது டேட்டாபேஸுக்குத் தெரியாது

2017-ஆம் ஆண்டு கடைசியில் பல ஊர்களிலிருந்து ஒரே மாதிரியான புகார் வந்தது. கேஸ் சிலிண்டருக்கு முழுப் பணத்தையும் கட்டியாகிவிட்டது. மானியம் மட்டும் வங்கிக் கணக்கில் ஏறவில்லை. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தாலும் இல்லை. கேட்டால், அனுப்பியாகிவிட்டது என்று பதில். அனுப்பியது உண்மைதான். போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. ஏர்டெல் பேமென்ட்ஸ் பேங்கில் அவர்கள் பெயரில் ஒரு கணக்கு திறக்கப்பட்டிருந்தது. அப்படியொரு கணக்கு இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

சிம் கார்டை ஆதாரோடு இணைக்கச் சொல்லி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் கடைக்குப் போனார்கள், ஆதார் எண்ணைச் சொன்னார்கள், ரேகைக் கருவியில் விரலை வைத்தார்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள். சிம்முக்காக வைத்த அந்த விரலைக் கொண்டே, தெளிவாகக் கேட்காமல், வங்கிக் கணக்கையும் திறந்துவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மானியம் ஆதார் எண்ணைப் பார்த்துத்தான் போகிறது. ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எது மானியத்துக்காக ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். புதுக் கணக்கு இணைக்கப்பட்டதும் பழைய கணக்குக்கு வரவேண்டிய பணம் தடம் மாறிவிட்டது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம், சுமார் 47 கோடி ரூபாய், இப்படிப் போய்விட்டதாக அப்போது செய்தி வந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் ஏர்டெல், அதன் பேமென்ட்ஸ் பேங்க் இரண்டின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்தப் பேமென்ட்ஸ் வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எல்லோரும் நிறுவனத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வேறொரு ஆள் நினைவுக்கு வந்தார். ரேகை பொருந்தியதும் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். ஒருவர் சோதித்திருப்பார், ஒருவர் சரி என்று சொல்லியிருப்பார். எழுதாமல் எந்த மென்பொருளும் தானாக எதையும் செய்வதில்லை. மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் நம்மில் யாராகவும் அவர் இருந்திருக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது. அதற்கு முன் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம்: நோக்க வரம்பு. ஒரு தகவலை எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேறு எதற்காவது வேண்டுமென்றால் கொடுத்தவரிடம் மறுபடி கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு. அவர் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை நம் வீட்டில் படுக்க வைத்தால் என்ன சொல்வோம்? எதுவும் திருடு போகவில்லை, பூட்டு உடையவில்லை, சாவியைக் கொடுத்ததும் நாம்தான். ஆனாலும் திரும்பி வந்ததும் அந்தச் சாவியை வாங்கிக்கொள்வோம். தகவல் விஷயத்தில் அப்படித் திரும்ப வாங்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கொள்கையைத் தன் அடிப்படைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எதற்காக என்று குறிப்பிட்டுச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும், அந்தக் காரியத்துக்குத் தேவையானதை மட்டுமே எடுக்க வேண்டும் என்று நம் சட்டமும் சொல்கிறது.

சரி, இவ்வளவு எளிய கொள்கை ஏன் அடிக்கடி உடைகிறது? கெட்ட எண்ணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் டேட்டாபேஸின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பயனர் அட்டவணையைத் திறந்து பாருங்கள். பெயர், போன், பிறந்த தேதி, பின்கோடு என்று கட்டங்கள் இருக்கும். போன் என்ற கட்டத்தில் பத்து இலக்கங்கள் மட்டும் இருக்கும். அந்த அம்மா அதை ஓடிபி வருவதற்காகக் கொடுத்தாரா, பார்சல் கொண்டுவரும் தம்பி வழி கேட்பதற்காகக் கொடுத்தாரா, பில் போடும் இடத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்களே என்ற கூச்சத்தில் சொல்லிவிட்டாரா, எதுவும் அதில் இருக்காது. கொடுக்கும் நேரத்தில் இருந்த பேச்செல்லாம் உதிர்ந்துபோய் எண் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு வருடம் கழித்து வேறொரு டீமில் சேரும் ஒருவர் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறார். அவருக்கு அது ஒரு போன் நம்பர், அவ்வளவே. கையில் இருக்கிறது, பயன்படுத்தலாம்.

ட்விட்டரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். கணக்கை யாரும் திருடாமல் இருக்க உங்கள் போன் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுங்கள் என்று அந்த நிறுவனம் பயனர்களிடம் கேட்டது. 2013 மே முதல் 2019 செப்டம்பர் வரை 14 கோடிக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். விளம்பரப் பிரிவில் இன்னொரு வசதி இருந்தது. ஒரு வியாபாரி தன்னிடமுள்ள வாடிக்கையாளர் எண்களைக் கொண்டுவந்து ஏற்றினால், அந்த எண்கள் எந்தெந்தப் பயனருடையவை என்று பொருத்திப் பார்த்து அவர்களுக்கு விளம்பரம் காட்டும் வசதி. பொருத்திப் பார்க்க எடுத்துக்கொண்ட எண்களில் பாதுகாப்புக்காக வாங்கியவையும் இருந்தன. தெரியாமல் நடந்துவிட்டது என்று 2019-இல் நிறுவனம் சொன்னது. 2022 மே மாதம் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இதில் எனக்கு வருத்தம் தருவது அபராதத் தொகை சின்னதா பெரியதா என்பதல்ல. கணக்கைப் பாதுகாக்க எண்ணைக் கொடுத்தவர்கள், நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் நல்ல பழக்கத்தைக் கடைப்பிடித்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பாடம், எண்ணைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்பது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, சென்னை ஓஎம்ஆரில் ஓர் அலுவலகம். வீட்டுக்கு மருந்து கொண்டுவந்து தரும் செயலி ஒன்றில் வேலை. ஒரு நாள் மதியம் டிக்கெட் வந்தது, அதாவது செய்ய வேண்டிய வேலையை எழுதி அனுப்பும் கோரிக்கை: கடந்த ஆறு மாதத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கியவர்களின் பட்டியல் வேண்டும், போன் நம்பர், வயது, பின்கோடு சேர்த்து. இருபது நிமிட வேலை. குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை, எழுதி ஓட்டினேன். சரியாக வந்திருக்கிறதா என்று முதல் சில வரிகளைக் கண்ணால் ஓட்டும்போது எங்கள் ஊர்ப் பின்கோடு ஒன்று இருந்தது. யார் என்று தெரியவில்லை, வயது முப்பத்தொன்று.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மெடிக்கல் ஷாப் இருக்கிறது. அங்கே போய் வாங்காமல் ஒருவர் செயலியில் ஏன் வாங்குகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரருக்கு எல்லோரையும் தெரியும். முப்பத்தொரு வயதில் சர்க்கரை மாத்திரை வாங்கினால் அது வரன் பார்க்கும் இடம் வரை போகும். யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அவர் எங்களிடம் வந்திருக்கிறார்.

டீம் லீடிடம் போய், "இது எதுக்குக் கேக்கறாங்க?" என்று கேட்டேன்.

"மார்க்கெட்டிங்ல கேட்டாங்க. ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோட டை-அப்பாம். ஏன், குவெரி ஓடலையா?"

"ஓடிடுச்சு."

"அப்புறம் என்ன, அனுப்பிடு."

அனுப்பிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை ஏமாற்றவும் இல்லை. குவெரி ஓடுகிறதா என்பது மட்டும்தான் அந்த அறையில் கேள்வியாக இருந்தது. அந்தப் பட்டியல் அதன் பிறகு எங்கே போனது, யாருக்கு எந்த பிரீமியம் ஏறியது, எனக்குத் தெரியாது. அந்த முப்பத்தொன்று என்ற எண் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

விளம்பரமும் பிரீமியமும் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்தத் தெருவில் எந்த இலக்கத்து வீட்டில் தமிழர் இருக்கிறார் என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வாக்காளர் பட்டியல் நல்ல காரியத்துக்காக எழுதப்படுவது. ஓட்டுரிமை எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும், யாருடைய பெயரும் விடுபடக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பது. எழுதியவர் எவ்வளவு ஒழுங்காக எழுதினாரோ அவ்வளவு எளிதாக அந்த வீடு கண்டுபிடிக்கப்பட்டது.

நெதர்லாந்திலும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அங்கே மக்கள் பதிவேட்டில் மதம் என்ற கட்டம் இருந்தது. 1940-இல் ஜெர்மனி ஆக்கிரமித்தபோது அந்தக் கட்டம் தயாராக நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அந்த நாட்டு யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர், 1 லட்சத்துக்கும் மேல், கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்பாளர்கள் சிலர் காவலர் உடை அணிந்து ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்து அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். அவர்களில் ஓவியரும் சிற்பியும் இருந்தார்கள். அட்டைகளில் ஒரு பகுதிதான் எரிந்தது. அதற்காக 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒரு கட்டத்தை முதலிலேயே சேர்க்காமல் விடுவதற்கும், சேர்த்த பிறகு அழிப்பதற்கும் உள்ள விலை வித்தியாசம் இது.

அதே போர்க்காலத்தில் பிரான்சில் ரெனே கார்மில் என்று ஒருவர் இருந்தார். ராணுவ அதிகாரி, அட்டைகளில் துளையிட்டுத் தகவலைப் பதியும் துளை அட்டை இயந்திரங்களில் தேர்ந்தவர். இன்றைய மொழியில் சொன்னால் நம் துறை ஆள். தேசியப் புள்ளிவிவரத் துறையின் தலைவராக இருந்த அவர் 1941-இல் நடத்திய கணக்கெடுப்பில், யூதரா என்ற கேள்வி பதினொன்றாவதாக இருந்தது. அந்தப் பதில்களை அவருடைய அலுவலகம் இயந்திரத்தில் ஏற்றிப் பட்டியலாக்கிக் கொடுக்கவே இல்லை. எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்து இயங்கிய அவரை 1944 பிப்ரவரியில் லியோன் நகரில் கைது செய்தார்கள். 1945 ஜனவரியில் டாக்காவ் வதைமுகாமில் இறந்தார். பிரான்சில் நான்கில் மூன்று யூதர்கள் பிழைத்ததற்கு நிலப்பரப்பு, மக்களின் உதவி என்று காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் ஒரு மனிதரின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அந்த அறையில் குவெரி ஓடுகிறதா என்பதைத் தாண்டி ஒருவர் யோசித்தார்.

2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மென்பொருள் ஊழியர்கள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டபோது இந்த வரலாற்றைத்தான் நினைவுபடுத்தினார்கள். அப்போது நடந்து முடிந்திருந்த அதிபர் தேர்தலில் முஸ்லிம்களைத் தனியாகப் பதிவு செய்வது பற்றிப் பேச்சு எழுந்திருந்தது. மதத்தையோ இனத்தையோ பார்த்து மக்களைக் குறிவைக்கும் டேட்டாபேஸை நாங்கள் கட்டமாட்டோம்; கையில் உள்ள தேவையற்ற தகவலைக் குறைப்போம்; தவறாகப் பயன்படுவது தெரிந்தால் வாயைத் திறப்போம் என்பது அதன் சாரம்.

இதைப் பற்றிப் பேசினால் மூன்று பதில்கள் உடனே வரும். முதல் பதில், பெயரை எடுத்துவிட்டோமே என்பது. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல்களை வெளியிட்டது. 2 கோடித் தேடல்கள். பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். சில நாட்களில் பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணின் தேடல்களைப் படித்துப் பார்த்தார்கள். ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், உடம்புக்கு வரும் சின்னச் சின்னத் தொல்லைகள் எல்லாம் இருந்தன. அதை வைத்து ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவையே போய்த் தட்டிவிட்டார்கள். எங்கள் பட்டியலிலும் பெயர் இல்லை. போன் நம்பரை விட்டுவிட்டாலும், ஊர்ப் பின்கோடும் முப்பத்தொரு வயதும் போதாதா?

இரண்டாவது பதில், ஒப்புதல் கொடுத்திருக்கிறார்களே என்பது. நாற்பது பக்கத்துக்குச் சின்ன எழுத்தில் போட்டு, கீழே ஏற்கனவே டிக் அடித்து வைத்த பெட்டியை ஒப்புதல் என்று நாம் வேறு எந்த இடத்திலும் ஏற்பதில்லை. நம் புதிய சட்டமும், கொடுப்பவர் புரிந்துகொண்டு தானே செய்யும் தெளிவான செயல்தான் ஒப்புதல் என்கிறது.

மூன்றாவது பதில்தான் கனமானது: நான் சொன்னதைச் செய்கிறவன், பொறுப்பு நிறுவனத்துக்கு. சட்டப்படி பெரும்பாலும் அது சரி. இந்தியச் சட்டம் விதிக்கும் 250 கோடி ரூபாய் வரையிலான அபராதம் நிறுவனத்துக்குத்தான், குவெரி எழுதியவருக்கு இல்லை. ஆனால் அந்தச் சுவர் எப்போதும் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. ஃபோக்ஸ்வாகன் கார்களில், புகைச் சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை வைத்த வழக்கில், 2017 ஆகஸ்டில் ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. சட்டத்தை விட்டுவிட்டாலும் ஒன்று இருக்கிறது. மார்க்கெட்டிங் ஆளுக்கு அந்த அட்டவணையில் எந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மேலே இருப்பவருக்கு நேரமில்லை. வாடிக்கையாளருக்கு அப்படியொரு அட்டவணை இருப்பதே தெரியாது. எது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் புரோகிராம் எழுதுகிறவர்தான். தெரிந்தவருக்கு, தெரியாதவருக்கு இல்லாத கடமை ஒன்று வந்துவிடுகிறது. கணினித் துறையினரின் பெரிய சங்கமான ஏசிஎம் 2018-இல் புதுப்பித்த நெறிமுறையும், ஒரு காரியத்துக்காகத் திரட்டிய தனிநபர் தகவலை அவர் ஒப்புதல் இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதை நிறுவனங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறது.

அதற்காக, நாளைக்கே ராஜினாமா கடிதத்தை நீட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கடனுக்கு இஎம்ஐ போகிறது. மூன்று மாத நோட்டீஸ் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வெளிநாட்டு கிளையன்டுக்காக வேலை செய்கிறோம். டிக்கெட் எழுதியவரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இந்த நிலையில் செய்யக்கூடியது எது என்பதுதான் உண்மையான கேள்வி.

என் அனுபவத்தில் அதிகம் பலன் தந்தது டிக்கெட்டிலேயே எழுதிக் கேட்பது. வாய்ப்பேச்சில் கேட்டால் "அனுப்பிடு" என்று முடிந்துவிடும். "இந்தத் தகவலை வாடிக்கையாளரிடம் எதற்கென்று சொல்லி வாங்கினோம்? இந்தப் பயன்பாடு அதில் அடங்குமா?" என்று எழுத்தில் கேட்டால், பதிலும் எழுத்தில் வர வேண்டும். யாரோ ஒருவர் தன் பெயரில் ஆமாம் என்று எழுத வேண்டும். எழுதத் தயங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பதிலே வராமல் டிக்கெட் மூடப்பட்டதும் உண்டு. கேள்வியில் எதிர்ப்பு எதுவும் இல்லாததால் யாரும் கோபப்படவும் வழியில்லை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால், டீமில் இருவராகச் சேர்ந்து கேட்கலாம்.

அட்டவணையை நீங்களே வடிவமைக்கும் இடத்தில் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எதற்காக வாங்கியது, எப்போது அழிப்பது என்று இரண்டு குறிப்பு எழுதி வையுங்கள். டேட்டாபேஸுக்கு இல்லாத நினைவை நாம் கொடுப்பது அது. பாதுகாப்புக்கு வாங்கிய எண்ணைத் தனி அட்டவணையில், தனி அனுமதியோடு வையுங்கள். விளம்பர டீமின் குவெரி அங்கே போகவே முடியாது. எல்லாவற்றையும்விட நல்லது, வாங்காமலே விடுவது. இல்லாத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது, திருடவும் முடியாது.

சென்ற வருடம் ஒரு பதிவுப் படிவம் செய்துகொண்டிருந்தோம். வடிவமைப்பில் பிறந்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. எதற்கு என்று எழுதிக் கேட்டேன். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், அதற்குத்தான் என்று இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாமே என்று இன்னொருவர் சேர்த்திருந்தார். கொஞ்சம் பேச்சு நடந்தது. இப்போது அந்தப் படிவத்தில் தேதி இல்லை. "உங்களுக்கு 18 வயது நிறைந்துவிட்டதா?" என்று ஒரு கேள்வி, பக்கத்தில் காலியாக ஒரு பெட்டி.